பாலத்துக்கு அடியில் ஏழு

முதல் நாள் அந்தக் கார் ஷெட்டில் இருந்தவர்கள் லண்டன்காரன், நான், என் அத்தை மகள், கேண்டீன் மாமா மகன். இல்லாதவர்கள், கூப்பிட்டும் வராத ஆபீசர் வரிசைப் பையன்கள் மூன்று பேர். லண்டன்காரனின் அப்பாவும் இல்லை. அவர் எப்போதும் ஏதாவது ஒரு மின்நிலையம் கட்டும் இடத்தில் இருந்தார். காரும் இல்லை. ஷெட் மட்டும் இருந்தது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்காவது ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பின் கோடைகள் ஞாபகம் இருக்கும். காலைச் சங்கு, வரிசையாகக் கிளம்பும் கம்பெனி பஸ்களின் டீசல் புகை, மத்தியானத்தில் பாறைகளிலிருந்து எழும்பும் சூடு. இப்போது நாம் சந்தித்தால் முட்டிவலியையும் பேரப்பிள்ளைகளையும் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கு எண்பதுகளின் நடுவில் வந்த ஒரு கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அந்தக் கோடை முழுக்க வேறொரு ஊரில் இருந்தோம்.

எங்களை யாரும் அழைக்கவில்லை. கேண்டீன் மாமா மகன் அடித்த பந்து ஷெட்டுக்குள் போய்விட்டது. எடுக்கப் போனோம். உள்ளே கப்பலில் வந்த பெரிய மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மேஜையாக்கியிருந்தார்கள். அதன் மேல் டிராயிங் ஆபீஸ் பழைய பிரின்ட் ஒன்று, பின்பக்கம் திருப்பி விரித்திருந்தது. பிரின்ட் எடுக்கும் அம்மோனியாவின் வாசனை இன்னும் அடித்தது. அதில் பென்சிலால் மலை, காடு, ஆறு எல்லாம் வரைந்திருந்தது. பக்கத்தில் நாலு டம்ளர் எலுமிச்சை ஜூஸ், ஒரு தட்டு பிஸ்கட். தலையைப் படிய வாரிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

அவன் எங்களைப் பார்த்தான். பிறகு டம்ளர்களைப் பார்த்தான்.

"நீங்க விளையாட வந்திருக்கீங்களா?"

அத்தை மகள் பதில் சொல்வதற்கு முன் ஒரு டம்ளரை எடுத்துவிட்டாள். "ஹவ்," என்றாள், குடித்து முடித்த பிறகு. ஆமாம் என்று அர்த்தம்.

அவள் நகரத்தின் மறுகோடியில் இருந்த மல்காஜ்கிரியிலிருந்து லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள். அவள் அப்பா ரயில்வேயில் இருந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவள். தமிழில் ஆரம்பித்து உருதில் முடிப்பாள். கேண்டீன் மாமா மகன் திருநெல்வேலி வீட்டுப் பையன். அவன் அப்பா ஃபாக்டரி கேண்டீனுக்கும் டவுன்ஷிப் கிளப்புக்கும் சூப்பர்வைசர். என் அப்பா கிரேன் ஆபரேட்டர், ஆற்காட்டுப் பக்கம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதனால் புத்தகம் என்று எதைப் பார்த்தாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவேன். அந்தப் பையன் பெட்டியிலிருந்து இரண்டு மெல்லிய புத்தகங்களை எடுத்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அவன் அப்பா டெபுடி மேனேஜர். இரண்டு வருஷம் குடும்பத்தோடு லண்டனில் இருந்துவிட்டு அந்தப் பங்குனியில்தான் திரும்பியிருந்தார்கள். வந்த பெட்டிகளில் ஒன்றில் அந்த விளையாட்டு இருந்தது. பலகை கிடையாது, ஓட்ட வேண்டிய காய் கிடையாது. ஆளுக்கு ஒரு பாத்திரம். "உங்க முன்னாடி ஒரு கதவு இருக்கு" என்று அவன் சொல்லுவான். நாம் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. அதுவும் நம் ஊர்ப் பகடை இல்லை. தேன் நிறத்தில், இருபது முகங்களோடு, கோலிக்குண்டு அளவில் ஒன்று. எண்கள் பள்ளமாக மட்டும் இருந்தன. வெள்ளை க்ரேயானைத் தேய்த்து, மேலே பட்டதைத் துடைத்தால் எண் தெரியும். எங்களுக்கு முன்னாலேயே தேய்த்துக் காட்டினான். அந்த மெழுகு வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

எனக்கு மந்திரவாதி வேஷம் வந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். எதிரே இருப்பவர்களைத் தூங்க வைக்கலாம். அத்தை மகள் வாள் பிடித்தாள். கேண்டீன் மாமா மகனுக்கு மிஞ்சியது திருடன்.

"அது வேண்டாம்ல," என்றான் அவன். "எங்கப்பா ஸ்டோர் சாவி வச்சிருக்காரு. மவன் திருடன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு."

"வெளையாட்டுதானே?" என்றேன்.

"வெளையாட்டுக்குக்கூட எங்க வீட்ல ஆவாது."

லண்டன்காரன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டு மெக்கானிக்னு வச்சுக்கலாமா? வேலை அதேதான்," என்றான். கேண்டீன் மாமா மகன் சம்மதித்தான்.

பிறகு வரைபடத்தைக் காட்டினான். நடுவில் ஒரு கிராமம். அங்கே சத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், காதில் பல பேச்சு விழுகிறது. வடக்கே பாழடைந்த கோபுரத்தில் யாரோ விளக்கேற்றுகிறார்கள். ஆற்றுப் பாலத்தில் கொள்ளைக்காரர்கள் நடமாட்டம். சதுப்பு நிலத்துப் பக்கம் ஆடுகள் காணாமல் போகின்றன. தூர மலையில் ஒரு டிராகன், அதற்கு அடியில் தங்கம். அப்புறம், ஊர்த் தானியக் கிடங்குக்குக் காவலாள் தேவை.

"எங்க போகணும்?" என்று கேட்டேன்.

"எங்க வேணும்னாலும்."

"சரி. எது போர்ஷன்?"

அவனுக்கு விளங்கவில்லை. "போர்ஷன்னு எதுவும் இல்லை. நீங்கதான் செலக்ட் பண்ணணும்."

நான் பென்சிலை வைத்துவிட்டேன். எங்கே போக விருப்பம் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பக்க எண் சொல்வார்கள். வீட்டில் ரேஷன் கடை என்பார்கள். கேண்டீன் மாமா மகன் முடிவெடுத்தான்.

"தங்கம் எங்கல இருக்கு? அங்க போவோம்."

போனோம். பிஸ்கட் தீர்வதற்குள் மூன்று பேரும் சாம்பல். என் மந்திரவாதி வாயைத் திறப்பதற்குள் செத்துப்போனான்.

"அவ்ளோதானா?" என்றாள் அத்தை மகள்.

"அவ்ளோதான்," என்றான் லண்டன்காரன். "அது டிராகன் இல்லையா? நீங்க இப்பதான் ஆரம்பிச்சிருக்கீங்க. ரொம்ப வீக்கான ஆளுங்க."

"அத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? கைக்கூ? எதுக்குப் போனோம் அங்க? சாவறதுக்கா?"

பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அந்த வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

விஷயம் அத்தை மகள் மூலம்தான் தெரிந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் ஃபிரிட்ஜ் கிடையாது. அம்மா ஐஸ் வாங்கிவர அவளை லண்டன்காரன் வீட்டுக்கு அனுப்பினாள். சமையலறை வாசலில் நின்றபோது அவன் அம்மா, மாமி என்போம், யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருக்கிறது. திரும்பி வந்து மாமி மாதிரியே பேசிக் காட்டினாள்.

"'இவனுக்கு இங்க ஒருத்தரும் ஒட்டலைடி. நாள் பூரா ஷெட்லயே உக்காந்துண்டு தனக்குத்தானே பேசிண்டிருக்கான். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள ரெண்டு சிநேகிதமாவது பிடிச்சான்னா சரி. இல்லேன்னா ஊட்டி ஹாஸ்டல்தான். அவர் சீட் வாங்கி வச்சுட்டார்.'"

அவள் கையிலிருந்த பாத்திரத்தில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவனே சைக்கிளில் எங்கள் வரிசைக்கு வந்தான். ஆபீசர் வீட்டுப் பையன் யாரும் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்தாள். அவன் உட்காரவில்லை.

"மறுபடியும் வாங்க. இந்தத் தடவை யாரும் சாக மாட்டீங்க. ப்ராமிஸ்."

"நக்கோ, வேணாம்," என்றாள் அத்தை மகள். "சாகவே மாட்டோம்னா அதுல என்ன மஜா?"

"அப்ப என்ன செய்யறது?"

"நீ டிராகனை வையி. வேணாங்கல. ஆனா எது எங்களால ஆவும், எது ஆவாதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி வேணும். வழியில எரிஞ்ச மரம், எலும்பு, ஓடிவர்ற ஆளு, ஏதாச்சும் ஒண்ணு வையி. பாத்துட்டும் போனம்னா எங்க தலையெழுத்து."

அவன் யோசித்தான். சைக்கிள் மணியை ஒரு முறை அடித்தான், ஏதோ கையெழுத்துப் போடுவது போல. "ஓகே."

அன்றைக்கு மாலையே வரைபடத்தில் நிறைய மாற்றியிருந்தான். கிராமத்துக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் சின்ன ஆபத்து, தூரம் போகப் போகப் பெரிசு. மலை வழியில் கருகிப்போன பனைமரங்கள். லண்டன் நினைவில் வரைந்திருந்த ஓக் மரங்களை அழித்துவிட்டுப் பனை போட்டிருந்தான். ஷெட்டின் பின்பக்கம் தெரிந்த பாறைகளும், ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த கோலத்திலேயே, வரைபடத்துக்குள் வந்திருந்தன. சத்திரத்தில் ஒரு ஒற்றைக் கைக்காரர் இருந்தார்; மலைக்குப் போய்த் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

"இப்ப சொல்லுங்க. எங்க போறீங்க?"

நாங்கள் மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசினோம். வெகுநேரம் பேசினோம். கடைசியில் நான்தான் எங்கள் முடிவைச் சொன்னேன்.

"அந்தக் கிடங்குக் காவல். அது பர்மனென்ட்டா, டெம்பரரியா?"

லண்டன்காரன் என்னையே பார்த்தான். "அது... சும்மா வச்சேன். வேலை மாதிரி. அதுல அட்வென்ச்சர் ஒண்ணும் இல்லை."

"சம்பளம் மாசாமாசம் வருமா?"

"வரும்னு நெனைக்கிறேன்."

"குவார்ட்டர்ஸ்?" என்றான் கேண்டீன் மாமா மகன்.

நீங்கள் சிரிப்பீர்கள். அந்த டவுன்ஷிப்பில் நாங்கள் பார்த்த சாகசம் அது ஒன்றுதான் என்பதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரில் நிலத்தை விட்டுவிட்டு, ரயிலேறி, கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்று, ஒரு காகிதத்தைக் கையில் வாங்கிய அன்றைக்கு அப்பாக்கள் அழுத கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். டிராகனைக் கொன்றால் தங்கம் ஒரு தடவைதான் வரும்.

வேலையில் சேர்ந்தோம். உடனே ஷிப்ட் பிரித்தோம். காலை ஏ ஷிப்டுக்கு வாள்காரி, மத்தியானம் பி ஷிப்டுக்கு மந்திரவாதி, பகல் முழுக்க ஜெனரல் ஷிப்டுக்குப் பூட்டு மெக்கானிக்.

"நைட் ஷிப்ட்?" என்று கேட்டான் லண்டன்காரன். "திருடன் ராத்திரிதானே வருவான்?"

"நைட் அலவன்ஸ் உண்டா?"

இல்லை என்றான். அப்படியானால் ராத்திரிக்குக் கிடங்கைப் பூட்டிக்கொள்ளலாம் என்று பூட்டு மெக்கானிக் சொல்லிவிட்டான்.

பாவம், அவன் பொறுத்துக்கொண்டான். எலிகளை அனுப்பினான். பெரிய எலிகள், பூனை அளவு. வாள்காரி மூன்றைக் கொன்றாள், நான் மிச்சத்தைத் தூங்க வைத்தேன். எலிக்கு இன்சென்டிவ் கேட்டோம். சார்ஜ் ஒப்படைப்பது என்று ஒரு வழக்கமும் எங்களுக்குள் வந்தது. ஆட்டம் முடிந்ததும், அடுத்த ஷிப்ட் யாருடையதோ அவர் அந்த இருபது முகப் பகடையை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். லண்டன்காரன் அதை எங்கள் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் விரலை விடுவதற்கு ஒரு கணம் தாமதிப்பான். ஆனாலும் கொடுத்தான்.

ஒரு மத்தியானம் மாமி ஜூஸோடு வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். நாங்கள் கிடங்குச் சாவியை ஒப்படைத்துக்கொண்டிருந்தோம்.

"என்னடா விளையாட்டு இது? ஆபீஸ் மாதிரி இருக்கு," என்றாள். என் சட்டைப் பித்தானைப் பார்த்தாள், கேண்டீன் மாமா மகனின் செருப்பில்லாத காலைப் பார்த்தாள். மூன்று பேர் தினமும் வருகிறோம் என்பது அவள் கணக்கில் சேரவில்லை. அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சிநேகிதர்கள் வேறு வரிசையில் இருந்தார்கள். குறை சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வாரம் ஷெட்டின் மூலையில் ஒரு புதுக் கறுப்பு டிரங்குப் பெட்டி வந்து உட்கார்ந்தது. முன்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் அவன் பெயர். பெயின்ட் காயாமல் இருந்தது.

நாங்கள் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தோம். அவனும் அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தான்.

"இன்னிக்கு சம்பள நாள்," என்றேன், பேச்சை மாற்ற.

"சம்பளம் வரலை," என்றான் லண்டன்காரன்.

"என்னது?"

அவன் சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் பாலத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டான். "கொள்ளைக்காரங்க பாலத்தைப் புடிச்சுட்டாங்க. வண்டி எதுவும் ஊருக்குள்ள வரலை. நீங்க அன்னிக்கே கேட்டீங்களே சத்திரத்துல, அதே ஆளுங்க. நீங்க போகலைங்கறதுக்காக அவங்க சும்மா இருப்பாங்களா?" சதுப்பு நிலத்திலும் ஒரு குறி போட்டான், கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. நாங்கள் எலி அடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் வீட்டில் உட்கார்ந்து, நாங்கள் போகாத இடங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறான்.

கேண்டீன் மாமா மகன் எழுந்து நின்றான். "சம்பளத்துல கைய வச்சா சும்மா விட முடியுமால? கிளம்புல!"

அன்றைக்குத்தான் எங்களுக்கு ரத்தம் சூடேறியது. தங்கத்துக்காக அல்ல, வர வேண்டிய பாக்கிக்காகப் பாலத்துக்குப் புறப்பட்டோம். லண்டன்காரனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்களை அவன் எங்கும் இழுக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எங்களை எழுப்புவது எது என்று கண்டுபிடித்துவிட்டான்.

பாலத்துக்கு எதிரே போய்ச் சேர்ந்தபோது சாயங்காலச் சங்கு ஊதியது. மிச்சம் நாளைக்கு என்று எழுந்தோம். அன்று பகடை என் சார்ஜ்.

வீட்டில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, கிரீஸ் கையோடு என் பின்னால் நின்றார்.

"இன்னாடா அது? குடு இங்க." உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினி மூஞ்சி இதுக்கு! உருட்டற காயா?"

"ஆமாப்பா. விளையாட்டு. லண்டன்லேந்து..."

"பந்தயம் இன்னா?"

"பந்தயம் எதுவும் இல்லப்பா. கொள்ளைக்காரங்க பாலத்துல..."

"காய் உருட்னா சூதாட்டம்தான். லண்டன்ல உருட்னா இன்னா, ராணிப்பேட்டைல உருட்னா இன்னா?"

என் பெரியப்பா ஒருவர் சீட்டாட்டத்தில் இரண்டு காணி நிலத்தைத் தோற்றவர். அதனால்தான் அப்பா ஊரைவிட்டு வந்ததே. எந்தச் சூதாட்டம் நடக்கும் இடத்திலும் அவர் கால் வைக்க மாட்டார். கிளப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை நடந்த தம்போலாவுக்கு, பையிலிருந்து எண் எடுத்துக் கூப்பிட டிக்கெட்டில் அடித்துக்கொண்டு வரும் அந்தப் பண ஆட்டத்துக்குக்கூட, பக்கோடா தின்ன எங்களை உள்ளே அனுப்பிவிட்டு வேலிக்கு வெளியே சைக்கிளோடு நிற்பார். அப்பா பின்கதவைத் திறந்தார், கையை ஓங்கினார். தேன் நிறத்தில் ஒரு பொட்டு வெயிலில் மின்னிப் பாறைகளுக்கு நடுவே போயிற்று.

நானும் அத்தை மகளும் இருட்டும்வரை தேடினோம். முள்ளில் கைகளைக் கீறிக்கொண்டதுதான் மிச்சம். அந்தப் பாறைகளைப் பின்னாளில் வெடிவைத்து உடைத்துக் கட்டடம் எழுப்பினார்கள். ஏதோ ஓர் அஸ்திவாரத்தில் அது இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை அவனிடம் சொன்னபோது அவன் திட்டவில்லை. "இங்க எங்கயும் கிடைக்காது," என்று மட்டும் சொன்னான். பிறகு முதல் தடவையாகத் திரும்பி அந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தான். பள்ளி திறக்க ஒரு வாரம்கூட இல்லை. பாலத்தில் கொள்ளைக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுலேந்து இருபது வரைக்கும்தானல வேணும்?" என்றான் கேண்டீன் மாமா மகன் திடீரென்று. "அவ்வளவுதானே? இரு."

ஓடினான். மூச்சு வாங்க ஒரு துணிப் பையோடு வந்தான். கிளப்பின் தம்போலா காய்கள். வட்ட மரக் காய்கள், சிவப்பு எண்கள், பல கைகள் பட்டு வழவழத்தவை. தொண்ணூறில் முதல் இருபதை மட்டும் எண் பார்த்துப் பொறுக்கியிருந்தான்.

"சாயங்காலம் தம்போலா. அதுக்குள்ள திருப்பி வச்சிரணும்."

ஒரு காயை எடுப்பது, எண்ணைப் பார்ப்பது, திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்குவது. பகடையைவிட அது நன்றாகவே இருந்தது. கை உள்ளே போய்த் தடவும் நேரத்தில் நால்வருக்கும் மூச்சு நின்றது. இரண்டு செங்கல்லின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாலம் கட்டினோம். மத்தியானம் முழுக்க அந்தப் பாலத்தின் மேல் இருந்தோம். என் மந்திரத்தில் நாலு கொள்ளைக்காரர்கள் தூங்கி விழுந்தார்கள். வாள்காரி நாலு தடவை வெட்டி மூன்று தடவை காற்றைத்தான் வெட்டினாள். ஒவ்வொரு தடவையும் உருதில் திட்டினாள். கடைசியில் தலைவன் பூட்டு மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தியை எறிந்தான்.

"எட்டோ அதுக்கு மேலயோ வந்தா நீ செத்துட்டே," என்றான் லண்டன்காரன். பையை நீட்டினான். "நீயே எடு."

கேண்டீன் மாமா மகன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். ஏழு.

அவன் அந்தக் காயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், முத்தம் கொடுத்தான், ஸ்கேல் பாலத்துக்கு அடியில் செங்குத்தாக நிறுத்தினான். "எஞ் சாமி இது. இங்கனயே இருக்கட்டும்."

அப்புறம் நடந்தது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். தலைவனைக் கொல்லாமல் அத்தை மகள் அவனோடு பேச்சுவார்த்தை நடத்தினாள். கிடங்குக்கு நைட் ஷிப்ட் ஆள் இல்லை என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. கொள்ளைக்காரர்களை ராத்திரிக் காவலுக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. லண்டன்காரன் சிரித்துச் சிரித்து மரப்பெட்டியின் மேல் கவிழ்ந்துவிட்டான். அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் சங்கு ஊத, கேண்டீன் மாமா மகன் காய்களை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்கு ஓடினான்.

சாயங்காலம் கிளப் புல்வெளியில் டியூப்லைட்டுகள், மடக்கு நாற்காலிகள், வெங்காயப் பக்கோடா. கேண்டீன் மாமா மைக் பிடித்து எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஜெனரல் மேனேஜர் வீட்டம்மா, அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி மாமியும் லண்டன்காரனும். நாங்கள் பின்னால் புல்லில். வேலிக்கு வெளியே அப்பா.

பின்வரிசையிலிருந்து வெல்டர் ஒருவர் "ஃபுல் ஹவுஸ்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். டிக்கெட்டின் எல்லா எண்களையும் முதலில் அடித்து முடித்தவர் அவர்தான். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போகும்வரை ஜெனரல் மேனேஜர் வீட்டம்மா தன் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி. ஏழு. ரொம்ப நேரமா அதுக்கே காத்துண்டிருக்கேன். பையில ஏழு இருக்கா?"

"இருக்கும்மா. எப்படி இல்லாமப் போவும்?" என்றார் கேண்டீன் மாமா.

"கொட்டிக் காட்டுங்கோ."

கொட்டினார். மேஜை மேல் மிச்சக் காய்கள் உருண்டன. ஏழு இல்லை. கூப்பிட்ட எண்களின் பலகையிலும் இல்லை. யாரோ, "வெல்டர் இவங்க ஊர்க்காரராமே" என்றார்கள். இன்னொருவர், "கேண்டீன் கணக்கும் இப்படித்தான் இருக்குமோ?" என்றார். மைக் அணையாமல் இருந்ததால் கேண்டீன் மாமாவின் மூச்சு புல்வெளி முழுக்கக் கேட்டது. என் பக்கத்தில் அவர் மகன் எழுந்துவிட்டான்.

அப்போது லண்டன்காரன் எழுந்தான். கூட்டத்தில் அவன் வாயைத் திறந்ததே இல்லை. நேராக மைக்குக்குப் போனான்.

"அங்கிள் மேல தப்பு இல்லை. ஏழு பாலத்துக்கு அடியில இருக்கு."

"எந்தப் பாலம்டா?" என்றாள் மாமி.

"எங்க பாலம். கத்தி வந்துது, ஏழு விழுந்துது, அதனாலதான் அங்கிளோட பையன் பொழைச்சான். அங்கேயே மறந்துட்டோம்." பிறகு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். "வாங்கடா!"

நால்வரும் ஷெட்டுக்கு ஓடினோம். நாற்காலிகளுக்கு நடுவில், பக்கோடா தட்டுகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, வேலியைத் தாண்டி, அப்பாவின் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு. அத்தை மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முந்தப் பார்த்தாள். அவன் அவளைத் திட்டினான், உருதில். எங்கே கற்றுக்கொண்டான் என்று எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து காயை மேஜையில் வைத்தபோது, மாமி காயைப் பார்க்கவில்லை. மூச்சிரைக்க ஒருவர் தோள் மேல் ஒருவர் சாய்ந்து நின்ற எங்கள் நாலு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனரல் மேனேஜர் வீட்டம்மா விடவில்லை. "காசுக்காக இல்லை. ஏழு இருந்திருந்தா எனக்குத்தான் ஃபுல் ஹவுஸ்," என்றார். வெல்டரிடமிருந்து திரும்ப வாங்குவது முறையில்லை, இவருக்கும் அதே தொகையைக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டி சொன்னது. அதைக் கேண்டீன் மாமாவின் தலையில் கட்டப் பார்த்தார்கள். மாமி கைப்பையைத் திறந்தாள். "என் பிள்ளையோட விளையாட்டு. முழுக்க நானே கொடுத்துடறேன்."

"வேணாம்மா."

அப்பா. வேலியின் கேட்டைத் திறந்துகொண்டு, தம்போலா நடக்கும் புல்வெளிக்குள் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார், ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நாலு புள்ளைங்க ஆடிச்சிங்க இல்ல? நாலாப் போடுங்க. இவன் எம் பையன், இது எந் தங்கச்சி பொண்ணு. ரெண்டு பங்கு என்னுது." மடியிலிருந்து பணத்தை எடுத்தவர், லண்டன்காரன் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தக் காய நான்தான் வீசிட்டேன். பந்தயம் இல்லன்னு இவன் சொன்னான். நான் கேக்கல."

"பரவாயில்லை அங்கிள்," என்றான் அவன். "காய்ப் பை அதைவிட நல்லா இருக்கு."

மாமி அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் பங்கை மட்டும் எடுத்து வைத்தாள்.

பள்ளி திறந்தபோது அவன் எங்கள் பஸ்ஸில் ஏறினான். டிரங்குப் பெட்டி ஊட்டிக்குப் போகவில்லை. அதன் மேல்தான் அடுத்த இரண்டு வருஷம் வரைபடத்தை விரித்தோம். உட்கார்ந்தால் அவன் பெயர் எங்கள் முழங்காலுக்கு நேரே தெரியும். சதுப்பு நிலத்துக்குப் போனோம், கோபுரத்துக்குப் போனோம். ஒருநாள் மலைக்கும் போனோம். கருகிய பனைகளைப் பார்த்தோம், பேசினோம், திரும்பி வந்துவிட்டோம். யாரும் எங்களை ஏன் என்று கேட்கவில்லை.

அந்தத் தம்போலா சாயங்காலம் கேண்டீன் மாமா வசூலித்த நாலு பங்கையும் எண்ணி, மைக் இன்னும் அணையாமலே இருக்க, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மொத்தம் முப்பத்திரண்டு ரூபாய். தலைக்கு எட்டு.